பால் சொசைட்டியை நான் அப்டேட் செய்த காலை

எங்கள் ஊரில் பாதிப் பேர் கறந்த பாலை ஒரே காலையில் ஒரே தரமாக்கிய பெருமை எனக்கு உண்டு. பசுவுக்கும் எருமைக்கும், பாலுக்கும் தண்ணீருக்கும் வித்தியாசமே இல்லாமல் செய்தேன். வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் எங்கள் நல்லேப்பிள்ளியில் இன்றும் சிலர் நம்புவதில்லை.

டிப்ளமோ முடித்த கையோடு பால் சொசைட்டியில் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். சொசைட்டிக்குப் பால் சேகரிக்கும் நிலையங்கள் மூன்று. மூன்றிலும் கம்ப்யூட்டரை இயக்குவது லினக்ஸ்தான். ஆனால் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆள் வந்து ஏற்றிவிட்டுப் போனதால் ஒன்றில் உபுண்டு, ஒன்றில் ஃபெடோரா, இன்னொன்றில் ஓப்பன்சூசே. ஒரே வம்சம் என்றாலும், புது மென்பொருள் ஏற்ற ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு கட்டளை. ஒன்றிடம் சொல்வது மற்றதற்குப் புரியாது. (எங்க சித்தப்பா மூணு பேரும் இப்படித்தான்.)

வருடக்கணக்கில் யாரும் எதையும் அப்டேட் செய்ததில்லை. எனக்கு அது பெரிய அவமானமாகத் தெரிந்தது. செயலாளர் சாமியப்பண்ணனிடம் சொன்னேன். ஓடுகிறது, அப்படியே இருக்கட்டும் என்றார். அவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த கொழுப்பு எந்த எருமைக்கும் இருந்திருக்காது.

மூன்று நாள் உட்கார்ந்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அது கம்ப்யூட்டரில் எந்த வகை லினக்ஸ் என்று பார்க்கும், அதற்கேற்ற கட்டளையைக் கொடுக்கும், ‘சம்மதமா?’ என்று எத்தனை முறை கேட்டாலும் ‘ஆம்’ என்று பதில் சொல்லும். கடைசியில் ரீஸ்டார்ட் செய்யும். என் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. உடனே மூன்று நிலையங்களிலும் ஏற்றி, தினமும் காலை ஐந்தரைக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டேன். ஆபீஸ் திறப்பது ஒன்பதுக்கு. அதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பது என் திட்டம். பால் வருவதே ஐந்தரைக்குத்தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. (நான் எந்திரிக்கும்போது பால் காப்பியாவே ஆயிருக்கும்.)

மறுநாள் விடிந்தும் விடியாமலும் அப்பா என்னை உலுக்கினார். பால் ஊற்றப் போனவர் நிறைந்த கேனோடு திரும்பி வந்திருந்தார்.

“அம்மிணி, எந்திரி. உன்ர கம்ப்யூட்டரு என்னமோ தானா எழுதிட்டே இருக்குது. ஊரே நின்னு படிச்சிட்டிருக்குது.”

நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அவர் வண்டியில் ஏறினேன். சொசைட்டி வாசலில் கேன்களோடு வரிசை ரோடு வரை நின்றது. திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஓடிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்று அறிவித்தேன். அரைமணி நேரத்தில் ஆறு முறை அப்படி அறிவித்தேன். ஒருவழியாக ரீஸ்டார்ட் ஆகி வந்தபோது, கொழுப்பு பார்க்கும் மெஷின் இணைக்கப்படவில்லை என்றது திரை.

கெர்னல் என்கிற மையப் பகுதி புதிதாக ஏறியிருந்தது. மெஷினோடு பேசும் சிறு மென்பொருளைப் பழைய கெர்னலுக்கென்றே எவரோ எழுதியிருக்கிறார். புதியதற்கு அந்த மெஷின் யாரென்றே தெரியவில்லை. இதற்குள் மற்ற இரண்டு நிலையங்களிலிருந்தும் போன் வந்துவிட்டது. அங்கேயும் இதே கதை. மூன்று இடத்தையும் ஒரே நேரத்தில் கெடுக்க ஒரு மனுஷியால் ஆகாது. அதற்குத்தான் ஆட்டோமேஷன்.

பால் காத்திருக்காது. சாமியப்பண்ணன் என்னைத் திட்டக்கூட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. பாலை அளந்து தொட்டியில் ஊற்றிவிடலாம், ஒவ்வொருவர் பாலிலும் கொஞ்சம் சின்ன பாட்டிலில் எடுத்து வைப்போம், மெஷின் சரியானதும் கொழுப்பைப் பார்த்துக்கொள்வோம் என்றார். மூன்று நிலையங்களிலும் அப்படியே செய்தார்கள். எங்கள் நிலையத்துப் பாட்டில்களில் உறுப்பினர் எண் எழுதும் பொறுப்பை நானே ஓடிப்போய் வாங்கிக்கொண்டேன். நீல ஸ்கெட்ச் பேனாவால் கண்ணாடி மேலேயே அழகாக எழுதினேன். பால் கெடக் கூடாதே என்று அத்தனை பாட்டிலையும் ஐஸ் தண்ணீர் வாளிக்குள் இறக்கினேன்.

கல்பாத்தியில் இருக்கும் என் வகுப்புத் தோழிக்குப் போன் போட்டேன். அவள் முதலில் சிரித்து முடித்தாள். பிறகு, ஆன் ஆகும்போதே பழைய கெர்னலைத் தேர்ந்தெடு என்று வழி சொன்னாள். மெஷின் பச்சை விளக்கோடு உயிர்பெற்றது. நான் வெற்றிப் புன்னகையோடு வாளிக்குள் கைவிட்டேன். வெளியே வந்த பாட்டில் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்று இருந்தது. அடுத்ததும் அப்படியே. வாளித் தண்ணீர் மட்டும் நல்ல நீல நிறத்தில் இருந்தது.

மற்ற இரண்டு நிலையங்களில் காகிதத்தில் பென்சிலால் எழுதி ஒட்டியிருந்தார்கள். அவர்கள் டிப்ளமோ படிக்காதவர்கள்.

எங்கள் நிலையத்தில் எது யார் பால் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எல்லாப் பாட்டிலையும் பார்த்துச் சராசரி எடுத்து, எல்லாருக்கும் ஒரே கொழுப்பு, ஒரே விலை என்று சீட்டு எழுதினார் செயலாளர். எங்கள் பக்கத்தில் ஒருவருடைய மரியாதையே அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணில்தான் இருக்கிறது. எருமை வைத்திருக்கும் பொன்னம்மாக்கா சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“ஏனம்மிணி, என்ர எருமைக்கும் அந்த ரங்கசாமி பாலுக்கும் ஒரே கொழுப்பா? அவன் கேன்ல மீனே வளத்தலாமே.”

கோடையிலும் ரங்கசாமியண்ணன் பாலில் மட்டும் மழை பெய்யும் என்பது ஊரறிந்தது. அவர் சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார். பொன்னம்மாக்கா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா பேசினார், அதற்குப் பேசாமலே இருந்திருக்கலாம். செயலாளர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. தினமும் ஐந்தரைக்கு வந்து வரிசைக்கு முன்னால் நின்று, ஒவ்வொருவருக்கும் என் கையாலேயே சீட்டுக் கிழித்துக் கொடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் கொடுத்தேன். யார் வீட்டில் எந்த மாடு கன்று போட்டது என்பதுவரை எனக்குத் தெரிந்துபோனது. ஸ்கிரிப்ட்டையும் திருத்தினேன். இப்போது அது எதைச் செய்வதற்கு முன்பும் ஒரு மனிதரைக் கேட்கும்; மதியத்தில்தான் கேட்கும்; ஒரு நிலையத்தில் சரியாக ஓடினால்தான் அடுத்ததற்குப் போகும்.

அந்த மாதம் ஒரு காலையில் ரங்கசாமியண்ணன் ஒரு சீப்பு நேந்திரம்பழத்தை என் மேசையில் வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

“அடுத்த அப்டேட்டு எப்பங் அம்மிணி?”

இதை நான் வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மோர் நீர்த்திருந்தாலும் காப்பி நீர்த்திருந்தாலும் அதற்குப் பெயர் அப்டேட்டுதான். கல்யாணமாகி என் கணவர் முதல்முறை விருந்துக்கு வந்தபோது, அப்பா காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு, “ஏம்புள்ள, இன்னைக்கு அப்டேட் ஆயிருச்சா?” என்று அம்மாவைக் கேட்டார். என் கணவர், பாவம், அவசரமாகப் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் இல்லீங் மாமா, வைஃபை பாஸ்வேர்டு வேணுங்” என்றார்.