டீயில் கடுக்காய்

கீழ்பென்னாத்தூர்,
ஐப்பசி, 2004

அன்புள்ள ராமதாஸ் மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் வேதா வணக்கத்துடன் எழுதுவது.

லாட்ஜில் வேலை செய்கிற ஆறு பேருக்கும் டீயில் கடுக்காய் கலந்து கொடுத்தது நீங்கள்தான். அம்மாவிடம் போனில் நீங்களே பெருமையாகச் சொன்னீர்கள். நீங்களும் அத்தையும் நலமாகத்தான் இருப்பீர்கள். அந்த டீயை நீங்கள் குடிக்கவில்லையே.

எம்.எஸ்சி. ஆராய்ச்சிக்காக உங்கள் மொட்டைமாடித் தொட்டியில் படிந்த கொழகொழப்பைச் சுரண்ட வந்தேன். "இது இன்னாமா?" என்றீர்கள். கிருமிகள் கட்டிய கோட்டை என்றேன். தனிக் கிருமி சும்மா கிடக்கும். ஆள் சேர்ந்ததும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பி, ஒட்டிக்கொண்டு, மேலே கூரை போட்டுவிடும், அப்புறம் பிளீச்சிங் பவுடருக்கும் அசையாது, கடுக்காய்ச் சாறு அவற்றைக் கொல்லாமலே சேதியை மட்டும் அறுக்குமா என்று பார்க்கிறேன் என்றேன். தொட்டியைக் கழுவுங்கள் என்றும் சொன்னேன்; அது காதில் விழவில்லை. "அப்ப, கூட்டு சேராதுங்கற?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் கிருமியைச் சொன்னேன், நீங்கள் லாட்ஜ் ஆட்களைக் கூட்டுச் சேர்க்கும் காசியம்மாளை நினைத்தீர்கள்.

கிரிவலக் கூட்டத்துக்காகப் பௌர்ணமி ராத்திரி முழுக்கக் கண்விழித்து ரூம் கழுவுகிறவர், மறுநாள் எல்லாருக்கும் லீவு கேட்டது அவ்வளவு பெரிய நோயா? "உனுக்கு மட்டும் பாக்கறேன், அவங்ககிட்ட சொல்லாத" என்று ஆறு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தீர்கள். பலிக்கவில்லை. பௌர்ணமியன்று நீங்களே டீ போட்டீர்கள், லாட்ஜ் திறந்ததிலிருந்து முதல்முறையாக. கடுக்காய் மனிதக் குடலை என்ன செய்யும் என்று நாட்டுமருந்துக் கடையில் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆறு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்பக்கம் ஓட, அவர்களுக்கென்று நீங்கள் கட்டியிருப்பதோ ஒரே கக்கூஸ், சாயந்திரம் வரை வரிசை, யாரோடும் பேசாத வாட்ச்மேன் தருமன்கூட அங்கே பேச ஆரம்பித்துவிட்டாராம். "டேய் மாறா, சீக்கிரம் வெளிய வாடா, சங்கத்துக்குப் பேரு வெக்கணும்" என்று அவர் கதவைத் தட்டியது ஆபீஸ்வரை கேட்டதாம். அன்று யாத்ரீகர்களுக்கு நீங்களே பக்கெட் தூக்கினீர்கள் என்று அம்மா அழுதாள். நான் சிரித்தேன். ஆனால் மறுநாளே காசியம்மாளை வேலையிலிருந்து நிறுத்தினீர்களே, அதற்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாமலையார் உங்களுக்கு நீண்ட ஆயுளும் லாட்ஜுக்கு இன்னொரு கக்கூஸும் அருளட்டும். அத்தைக்கு என் வணக்கம்.

வேதா

பி.கு.: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். இப்போதுதான் காசியம்மாளைப் பார்த்தேன். "மொதலாளி கையால டீயா? எவ குடிப்பா? வாஷ்பேசின்ல ஊத்திட்டோம்மா" என்றார். யாருக்கும் வயிறு கலங்கவில்லை; பிடித்துக்கொண்டு ஓடியதெல்லாம் நடிப்பு. நீங்கள் எட்டிப் பார்க்காத இடம் லாட்ஜில் அந்தக் கக்கூஸ் வாசல் ஒன்றுதான் என்று அங்கே கூட்டம் போட்டிருக்கிறார்கள். அடுத்த பௌர்ணமிக்குள் அவரைத் திரும்பச் சேர்த்து, ஆறு பேருக்கும் மறுநாள் லீவு கொடுப்பீர்களா, மாட்டீர்களா?