மக்ரூனுக்கு ஒரு டாட் காம்

தனியாக இருப்பவன் தொழில் தொடங்கவே கூடாது. கூட ஒரு ஆள் இருந்தால், "ஏலே, கூறுகெட்டவனே, என்ன செய்யுத?" என்றாவது கேட்டிருப்பான். தூத்துக்குடி மில்லர்புரத்தில் நான் தனியாகக் குடியிருந்த மாடியறையில் என்னைக் கேட்க நாதியில்லை.

துறைமுகத்தில் ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, டொமைன் விற்கப் புறப்பட்டேன். அதாவது, யாருக்காவது தேவைப்படக்கூடிய இணைய முகவரியை நாம் முந்திப் பதிந்து வைத்துக்கொண்டு, அவரிடமே விற்பது. (அவருக்கு அது தேவை என்று அவருக்குத் தெரியாது. அதுதான் இந்தத் தொழிலில் சிக்கல்.) என் கையில் இருந்தது ஊர்ப் பேரையும் மக்ரூனையும் ஒட்டி டாட் காம் போட்ட ஒரு பெயர். முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும் அடித்து மக்ரூன் சுடாத தெரு தூத்துக்குடியில் உண்டா? ஒரே வாரத்தில் விற்றுவிடும் என்றிருந்தேன்.

மூன்று மாதம் ஆயிற்று. ஆழ்வார்திருநகரியிலிருந்து அம்மா கூப்பிடுவாள். ஒரு நல்ல சேதியோடுதான் பேச வேண்டும் என்று எடுக்காமல் விடுவேன். "மீட்டிங்கில் இருக்கிறேன்" என்று செய்தி மட்டும் போகும். (மீட்டிங்கில் நானும் மின்விசிறியும்.) தண்ணீர் கேன் போடுகிறவரைத் தவிர யாரோடும் பேச்சு கிடையாது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவர் வரும் நாளுக்காகக் காத்திருப்பேன்.

கடைசியில், மக்ரூன் டப்பாக்களைப் பார்த்துப் பதினோரு கடைக்காரர்களின் எண்களைப் பிடித்தேன். எல்லோருக்கும் தனித்தனியாகப் போகும்படி வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "அண்ணாச்சி, இந்தப் பெயரை உங்களுக்காக மட்டும்தான் வைத்திருக்கிறேன். மற்ற கடைக்காரர்கள் காதுக்குப் போவதற்குள் முடிவு சொல்லுங்கள்."

தனித்தனியாகப் போகவில்லை. அவசரத்தில் குரூப் ஆரம்பித்திருந்தேன். அதற்கு "வாங்கப் போகிறவர்கள்" என்று பெயர் வேறு.

பதினோரு பேரும் மாமன் மச்சான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"மச்சான், எனக்கு மட்டும்னு சொல்லுதான். ஒமக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"எனக்கும் மட்டுந்தான் மாப்ள."

அதோடு என்னை மறந்துவிட்டு, யார் வீட்டுக் காதுகுத்துக்கோ எத்தனை வேன் பிடிப்பது என்று பேச ஆரம்பித்தார்கள். என் குரூப்பில்! நான் அட்மின்! நாள் முழுக்க வாசித்துக்கொண்டே கிடந்தேன். "நானும் இருக்கேன்" என்று அடித்தேன். பிறகு அழித்தேன்.

மறுநாள் காலை, அவர்களில் மூத்த அண்ணாச்சியின் கடைக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"அந்த ஆளு நீதானாலே?" ஏற இறங்கப் பார்த்தார். "மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்கு? சாப்பிட்டியா? இந்தா, இதத் தின்னு" என்று ஒரு மக்ரூனை நீட்டினார்.

வாயில் போட்டேன். அழுதுவிட்டேன். கண் கலங்கியதோடு நிற்கவில்லை. விக்கி விக்கி அழுததில் சட்டையெல்லாம் மக்ரூன் தூள். சாப்பிட்டியா என்று மூன்று மாதத்தில் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் அவர்.

"அண்ணாச்சி, சரக்கு கெட்டுப்போச்சா?" என்று மக்ரூன் வாங்க வந்த ஒரு அம்மாள் கையிலிருந்த டப்பாவைத் திருப்பி வைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து என் அம்மா போனில் கூப்பிட்டாள். மேசை மேல் கிடந்த போனை நான் பிடுங்குவதற்குள் அண்ணாச்சி எடுத்துவிட்டார்.

"அம்மாவா? ஒண்ணும் பயப்படாதீய. ஒங்க மவன் இங்கன நம்ம கடையில மக்ரூனத் தின்னுக்கிட்டு ஏங்கி ஏங்கி அழுவுதான்."

பெயரை யாரும் வாங்கவில்லை. நானும் வேறு வேலைக்குப் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதெல்லாம் முதல் மணிக்கே போனை எடுத்துவிடுகிறேன். அம்மா ஹலோ சொல்வதில்லை.

"ஏய்யா, இன்னைக்கு யாரு கடையில அழுத?" என்கிறாள்.