செய்வினைச் சாரின் பீரங்கி

‘கடையில் வாங்குவானேன், நானே செய்துவிடுகிறேன்’ என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். பழைய இரும்புக் கடையைக் கடக்கும்போது நகைக்கடையைக் கண்டது போல் நடை தளர்ந்தால், அவரேதான்.

எங்கள் தெருவில் அவருக்குச் செய்வினைச் சார் என்று பெயர். இலக்கணத்தில் வரும் செய்வினையா, மந்திரவாதி வைக்கும் செய்வினையா என்று யாரும் விளக்கியதில்லை. அவர் செய்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள் இரண்டாவதுதான் என்பார்கள். பிழைப்புக்கு அவர் பார்த்தது காப்பீட்டு அலுவலகத்தில் தீ விபத்துக் கோப்புகள். பகலெல்லாம் அடுத்தவர் அஜாக்கிரதையைச் சிவப்பு மையால் அடிக்கோடிடுவார். மாலையில் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

தெருப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. ஒரு விசில் போதும் என்றார்கள். சாருக்கு விசில் கேவலமாகப் பட்டது.

“வெடிச்சத்தம் கேட்டாத்தான் கால் தானா ஓடும். ஒரு குட்டி பீரங்கி செஞ்சிடுறேன்.”

துருப்பிடித்த பம்புக் குழாய் வந்தது, லாரியின் ஏதோ ஓர் உறுப்பு வந்தது, தையல்கடை நடத்தும் மனைவியின் உடைந்த மிஷினின் இரும்புக் கால் வந்தது, கடைசியாக ஒரு டப்பாவில் கருமருந்தும் வந்தது. மனைவி கேட்ட கேள்விகளுக்கெல்லாம் “ஒண்ணும் ஆகாது” என்ற ஒரே பதில் வந்தது. ஒன்றும் ஆகாது என்று இவர்கள் சொல்லி, ஒன்றும் ஆகாமல் போன நாள் உண்டா?

முன்னோட்டம் பார்க்கப் பின்கட்டில் ஏற்பாடு. இந்த இனத்துக்கு ஒரு மச்சான் கட்டாயம் இருப்பான். “மாமா, நான் கொளுத்துறேன்!” என்று அவன் நெருப்புக் குச்சியோடு நின்றான். மாமா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கைப்பேசியில் படம் பிடிப்பதாகத் திட்டம்.

அப்போது மனைவி தையல்கடை முக்காலியைக் கொண்டுவந்து பீரங்கிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

“ம், ஆகட்டும்.”

“தள்ளி உக்காரும்மா.”

“ஏன்? ஒண்ணும் ஆகாதுன்னீங்களே.”

“ஒரு... பாதுகாப்புக்குத்தான்.”

“அப்போ என் தம்பி நிக்கிற இடம் பாதுகாப்பா?”

மச்சான் குச்சியைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். ஓர் அடி பின்னால் போனான்.

சார் சுவரைத் தாண்டி வந்து குழாயில் தான் வெல்டிங் வைத்த பற்றவைப்பைக் குனிந்து பார்த்தார். அன்று காலைதான் பிரமாதம் என்று அவரே தட்டிக்கொடுத்த பற்றவைப்பு. இப்போது மனைவியின் முழங்காலுக்கு அருகில் அது வேறு மாதிரித் தெரிந்தது. ஒரு பக்கம் மயிரிழை போல ஒரு கோடு. இதே கோடு ஒரு கோப்பில் புகைப்படமாக வந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று அவருக்குத் தெரியும்.

“எழுந்திரு” என்றார் மனைவியிடம். “நான் இதைக் கொளுத்தல. யாரும் கொளுத்த வேணாம்.”

பீரங்கிக்குள் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றினார். முன்பின் தெரியாதவரிடம் கேட்பது போல மச்சானிடம் “மன்னிச்சுக்கப்பா” என்றார். அவனுக்கு எதற்கென்று புரியவே கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் முக்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

பந்தயம் விசிலில் நடந்தது. பிள்ளைகளின் கால் தானாகவே ஓடிற்று. விசில் கடையில் வாங்கியது, வாங்கியவர் சார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் பீரங்கி செய்கிற ஆளில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மிக்ஸி பழுதானபோது, ரிப்பேர்காரன் ஏமாற்றுவான் என்று நீங்களே கழற்றி மாட்டினீர்களே, இரண்டு திருகாணி மிச்சம் வந்ததே; அதன் பிறகு ஸ்விட்சைப் போட யாரைக் கூப்பிட்டீர்கள்?