பூங்கா உங்களுக்கு, அத்தான் எனக்கா?

வனத்துறைத் தலைமை அலுவலகத்தில் ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும் என் அன்புத் தம்பிக்கு, உன் அக்கா எழுதிக்கொள்வது.

நீயும் உன் மனைவியும் குழந்தைகளும் சௌக்கியமா என்று கேட்பதுதான் முறை, கேட்டுவிட்டேன். நான் சௌக்கியமாக இல்லை. அதற்குக் காரணம் நீ.

எங்கள் தெருக்கோடியில் இருக்கும் பூங்கா இதுநாள்வரை பூங்காத் துறையிடம் இருந்தது. அதை உங்கள் வனத்துறைக்கு மாற்றிவிட்டார்கள் என்று பேப்பரில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மரம் மரமாகத்தானே இருக்கப்போகிறது, யார் வைத்துக்கொண்டால் என்ன என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை ஆறு மணிக்குக் கேன்வாஸ் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பிப்போன உன் அத்தான் ஆறு பத்துக்குத் திரும்பி வந்து, "கேட்டுல ரெண்டு பூட்டு தொங்குது" என்றார். பூங்காத் துறை போட்ட பழைய பூட்டு ஒன்று, உங்கள் ஆட்கள் போட்ட புதுப் பூட்டு ஒன்று. ஒருத்தர் திறக்கும்போது இன்னொருத்தர் கூட இருக்கவேண்டுமாம். இரண்டு பேரும் ஒரே நாளில் வந்ததே கிடையாது. அன்றைக்கு வீட்டுக்குள் வந்தவர்தான் தம்பி, இன்றோடு நாற்பத்தியொரு நாள், காலை வேளையில் மனுஷன் வாசலைத் தாண்டவில்லை.

உனக்குத் தெரியாததல்ல, அவர் மில்லில் முப்பத்தாறு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ரிடயர் ஆனபிறகும் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தேன் என்றால் அந்தப் பூங்காவால்தான். ஆறிலிருந்து ஒன்பதுவரை அவர் அங்கே, நான் இங்கே. ஒரு டம்ளர் காப்பியை உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள், யாரும் எதுவும் கேட்காமல் குடிப்பேன். கல்யாணமானதிலிருந்து எனக்கென்று கிடைத்தது அந்த மூன்று மணி நேரம் மட்டும்தான். இப்போது என் சமையலறை மில் ஸ்டோர் ஆகிவிட்டது. டப்பாவுக்கெல்லாம் லேபிள் ஒட்டி அகர வரிசைப்படி அடுக்கியிருக்கிறார். சர்க்கரைக்குப் பக்கத்தில் சலவை சோடா! கேட்டால், "லேபிளைப் படிச்சு எடுத்தா ஏன் தப்பு வருது?" என்கிறார். நேற்று வெங்காயம் வதக்கும்போது முதுகுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டு, "போன வாரம் இதே வேலைக்கு ரெண்டு கரண்டி எண்ணெய்தான் ஆச்சு" என்றார். கரண்டி என் கையில் இருந்தது. உன் அத்தான் உயிரோடு இருப்பது என் பொறுமையால் என்று தெரிந்துகொள்.

சரி, என் கதைதான் இப்படி என்றால், அந்தப் பூங்காவின் தோட்டக்காரர் பாவம், பூட்டின கேட்டுக்கு வெளியே கத்தரியும் கையுமாகத் தினமும் வந்து உட்கார்ந்திருக்கிறார். பூங்காவாக இருந்தப்போ புல்லு வெட்டலேன்னா மெமோவாம், காடானதுக்கப்புறம் வெட்டினா கேஸாம். "நிலத்தோட சேர்த்து உன்னையும் குடுத்தாச்சு"ன்னு பழைய ஆபீஸ் சொல்லுது, "பட்டியல்ல மரம் இருக்கு, குளம் இருக்கு, நீ இல்லையே"ன்னு உங்க ஆபீஸ் சொல்லுது. அதைவிடக் கூத்து பெஞ்சு. பதினோரு மர பெஞ்சும் காட்டுக்குள்ள முத்திரையில்லாம கிடக்கிற மரமாம், திருட்டு வெட்டாம், பறிமுதல் பண்ணி லாரியில ஏத்திட்டுப் போயிட்டாங்கடா! அதுல ஒண்ணுலதான் உன் அத்தான் மூணு மணி நேரம் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு. அந்தப் பெஞ்சைக் குடுங்க, நான் வீட்டு வாசல்லயாவது போட்டுக்கிறேன்.

பொறுக்கமாட்டாமல் திங்கட்கிழமை நானே கிளம்பினேன். பூங்காத் துறை கிளார்க் தலையைத் தூக்காமல், "அது எங்க கையை விட்டுப் போயிடுச்சும்மா" என்றார். ரெண்டு பஸ் மாறி உங்க கிளை ஆபீசுக்குப் போனா அங்க இருந்த கண்ணாடிக்காரர், "அது இன்னும் எங்க கைக்கு வரலையேம்மா" என்றார்.

"அப்ப இப்ப யாரு கையில இருக்கு?"

"ஃபைல்ல இருக்கு."

அந்த ஃபைலைக் காட்டு என்று நான் நகராமல் நின்றதில் மனுஷன் பயந்துபோய் எடுத்துக் காட்டினார். பதினாறு பக்கப் பட்டியல். கடைசியில், "நேரில் பார்த்துச் சரி என ஒப்புக்கொண்டேன்" என்று உன் கையெழுத்து. அப்பா கையெழுத்தை நீயே போட்டு ரிப்போர்ட் கார்டு கொண்டுபோன காலத்திலிருந்து அந்தக் கோணல் சுழி எனக்குத் தெரியும். எப்படா வந்து நேரில் பார்த்தே? வந்திருந்தா அக்கா வீட்டுக்கு வராமலா போயிருப்பே?

ஒரு வாரம் கெடு. அதற்குள் முன்கேட் திறக்கவில்லையென்றால் உன் அத்தானைப் பெட்டி படுக்கையோடு உன் வீட்டுக்கு அனுப்பிவைப்பேன். உன் மனைவியின் சமையலறையிலும் நிறைய டப்பாக்கள் இருக்கின்றன. இந்தக் கடிதத்தை ஒட்டி அவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்கிறேன், அந்தப் பத்து நிமிஷமாவது எனக்கு மிஞ்சும்.

உன் மனைவி நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், குழந்தைகளுக்கு நல்ல புத்தி வரட்டும். உனக்கான ஆசீர்வாதத்தைக் கேட் திறக்கிற அன்று அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன உன் அக்கா

பின்குறிப்பு: மச்சான், இதை எழுதுவது நான், உங்கள் அத்தான். எதையும் சரிபார்க்காமல் வெளியே அனுப்பிப் பழக்கமில்லாததால் கவரைப் பிரித்தேன். எண்ணெய் இரண்டு கரண்டி அல்ல, ஒன்றரை. மற்றபடி, பூங்கா திறந்துதான் இருக்கிறது. பெஞ்சுகளை ஏற்றிப்போன லாரி பின்கேட்டை இடித்துத் தள்ளிவிட்டது. அந்தக் கேட் எந்தத் துறையின் பட்டியலிலும் இல்லாததால் திரும்ப மாட்ட ஆளில்லை. ஒரு மாதமாகப் பின்தெருக்காரர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் வாக்கிங் போகிறார்கள். இடித்த அன்றைக்கே எனக்குத் தெரியும், வீட்டில் சொல்லவில்லை. முப்பத்தாறு வருஷம் விடியும்போதே மில்லுக்குப் போனேன், அப்புறம் பூங்காவுக்குப் போனேன். காலையில் உங்கள் அக்கா எப்படி இருப்பாள் என்று இந்த நாற்பத்தியொரு நாளில்தான் பார்த்தேன். அடுப்பைத் திட்டுகிறாள், பாலோடு சண்டை போடுகிறாள், ஜன்னலில் வந்து உட்காரும் குருவியிடம் என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாள். எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. நான் இருப்பது அவளுக்கு இவ்வளவு கஷ்டம் என்று இதைப் படித்துத்தான் தெரிந்தது, வருத்தமாக இருக்கிறது. இனிமேல் சமையலறைப் பக்கம் போகமாட்டேன். ஹாலில் உட்கார்ந்தாலே எல்லாம் கேட்கும். ஆகவே அந்தப் பூட்டு விஷயத்தில் உங்கள் துறை கொஞ்சமும் அவசரப்பட வேண்டாம். மீறித் திறந்துவிட்டால், தகவலை உங்கள் அக்காவுக்கு எழுதாமல் எனக்கு எழுதுங்கள்.