றுஷ்னாவின் வெளிச்ச வேலை

“வெளிச்சம் போட்டுத்தான் பிடிக்கிறாளா, இல்லையா? அத மட்டும் சொல்லுங்க தலைவர்!”

நஸீர் மேசையில் தட்டினான். முள்வாடி மீனவர் சங்கத் தலைவர் பதுர்தீன் தான் உட்கார்ந்திருந்த கதிரையின் கையை இறுகப் பிடித்தார். விளக்குப் போட்டு மீன் பிடிப்பவனின் பெயரைச் சங்கத்திலிருந்து வெட்ட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தவரே அவர்தான். இப்போது வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்யும் மகள் றுஷ்னா, வெளிச்சத்தால் எதையோ பிடித்தாள் என்று பேப்பரில் படத்தோடு வந்திருக்கிறது.

“மீன் இல்லடா. அணு.”

“எவ்வளவு பெருசு?”

“கண்ணுக்கே தெரியாது.”

“அல்லாஹ்! அவ்வளவு சின்னதும் தப்பாதா?”

கூட்டம் முணுமுணுத்தது. பேப்பர்க்காரனை நம்பியது பிழை என்று பதுர்தீன் மகளையே போனில் பிடித்து, சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார்.

“முதல்ல அணுவக் கடுமையாக் குளிராக்குவோம்,” என்றாள் றுஷ்னா.

“ஐசும் இருக்காம்!” என்றான் நஸீர்.

“பொறகு ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல வெச்சு வெளிச்சத்தக் கூட்டுவோம். ஒரு அளவு வரைக்கும் ஒண்டும் நடக்காது. அதத் தாண்டினா, கலைஞ்சு கிடந்ததெல்லாம் ஒரேயடியா வரிசை பிடிச்சு நிக்கும்.”

“ஆரு பிடிச்சு நிறுத்துற?”

“ஆருமில்ல. ஒண்டுல பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் கண்ணாடிக்குள்ள போய் வந்து மத்தத இழுக்கும்.”

“வலை?”

“வலை எதுக்கு?”

எல்லோரும் போனை நெருங்கி வந்தார்கள். பதுர்தீன் அவசரமாகப் போனை அணைத்தார். வலையில்லாமல் பிடிபடும் ஒன்றை அவர் பிறந்து கண்டதில்லை. மகள் சொன்னதில் பாதியை அவரே நம்பவில்லை. ஆனால் அதை இவன்கள் முன்னால் சொல்வதா?

எழுந்து நின்றார்.

“கேட்டுக்கோங்க! என்ட மகள் களவு செய்யல்ல. அவள் என்னத்தப் பிடிச்சாலும் நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். சட்டம் நான் போட்டது, என்னையே வெட்டுங்க. கதிரைதானே வேணும்? இந்தா!”

கதிரையைக் காலால் தள்ளினார். அது நஸீரின் காலடியில் போய் நின்றது. அவன் தொடவில்லை.

“என்னடா, எடுத்துக்கோ!”

மூலையில் பிளேன்டீ ஊற்றிக்கொண்டிருந்த பொருளாளர் கிளைட்டன் மெல்லச் செருமினார்.

“உக்காருங்க பதுர்தீன் நானா. எங்கட லைட்டுக்கெல்லாம் இப்ப மீன் வாறதில்ல. அந்தக் கண்ணாடி எங்க வாங்கலாம் எண்டு கேக்கத்தான் கூட்டமே வெச்சது.”