குப்புற மிதந்த ஞாயிற்றுக்கிழமை

எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை பேய் பிடித்திருக்கிறது. பிடித்த பேயும் நானேதான் என்பது மட்டும் அதில் கொஞ்சம் சிக்கல்.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. திருத்தணியில் வீடு, சென்னையில் வேலை, தினமும் ரயில். வீட்டில் எனக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களுக்குத் தெரியாமல் விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டிருந்தேன். (ஆபீஸ் டிரெய்னிங் என்று சொல்லியிருந்தேன். பாதி உண்மை. டிரெய்னிங்தான், ஆபீஸ்தான் இல்லை.)

ஆறு முறை குதித்திருந்தேன். ஆறு முறையும் ஒரே கதை. விமானத்தை விட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பு இடப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்துவிடும். முதலில் மெதுவாக, அப்புறம் கிரைண்டர் மாதிரி. கூடவே குதிக்கும் பயிற்சியாளர் பறந்து வந்து பிடித்து நிறுத்துவார். ஆறாவது முறை தரையிறங்கியதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சொன்னார்: "இப்படிச் சுற்றிக்கொண்டே பாராசூட்டைத் திறந்தால் கயிறெல்லாம் முறுக்கிக்கொள்ளும். காற்றுச் சுரங்கத்துக்குப் போ. உடம்பை ஆடாமல் நிறுத்தக் கற்றுக்கொள். அதுவரைக்கும் உன்னை விமானத்தில் ஏற்ற மாட்டேன்."

காற்றுச் சுரங்கம் ஹைதராபாத் பக்கம் இருந்தது. சுரங்கம் என்றால் பூமிக்குள் போகும் வழி இல்லை. நட்டமாக நிற்கும் ஒரு பெரிய கண்ணாடிக் குழாய். தரையில் கம்பி வலை. கீழேயிருந்து மேலே புயல் மாதிரி காற்று அடிக்கும். அதில் குப்புறச் சாய்ந்தால் பாயும் இல்லாமல் கட்டிலும் இல்லாமல் உடம்பு நடுவில் நிற்கும்.

கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளே போனால்தான் தெரியும். அந்த இரைச்சலில் வேறெதுவும் கேட்காது, நம் மூச்சுகூட. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அடுத்த முறைக்காகக் காத்திருப்பவர்கள் வரிசையாக நின்று வாயைத் திறந்து திறந்து மூடுவார்கள். பேசுகிறார்களா, சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்று தெரியாது. நான் செத்துக் கிடக்கிறேன், இவர்கள் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றே ஒவ்வொரு முறையும் தோன்றும். உடனே இடப்பக்கம் சுற்ற ஆரம்பிப்பேன்.

உள்ளே பேச முடியாததால் எல்லாம் சைகைதான். என் பயிற்சியாளர் ஸ்ராவணி இரண்டு விரலை நீட்டினால் காலை நீட்ட வேண்டும். மடக்கினால் மடக்க வேண்டும். கட்டைவிரலைத் தூக்கினால் முகவாயைத் தூக்க வேண்டும். தன் உதட்டோரத்தை விரலால் இழுத்துக் காட்டினால் சிரிக்க வேண்டும். சிரித்தால் உடம்பு இளகுமாம்.

வெளியே வந்ததும் ஸ்ராவணி தெலுங்கில் கேட்டாள். "சுற்றுவதற்கு முன்னால் இடப்பக்கம் திரும்புகிறாயே, யாரைப் பார்க்கிறாய்?"

"அங்கே யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது" என்றேன்.

அவள் சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. "ரொம்பப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றாள். "யாரும் இல்லை. உன் இடது முழங்கால் கூடுதலாக மடங்குகிறது, அவ்வளவுதான். வீட்டில் ஒரு ஸ்டூல் மேல் வயிற்றை வைத்துக் குப்புறப் படு. முன்னால் கண்ணாடி வைத்துக்கொள். இரண்டு காலும் ஒரே அளவில் இருக்கிறதா பார். தினமும் செய்."

அவள் சொன்னது அவ்வளவுதான். அதற்குமேல் செய்ததெல்லாம் என் சொந்த மூளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மையார்குப்பத்தில் ஒரு நிச்சயதார்த்தம். அம்மா, நைனா, அக்கா வீட்டுக்காரர் பாவா, கே.ஜி.கண்டிகை அத்தை எல்லாரும் கிளம்பிப் போனார்கள். (நைனா என்றால் அப்பா, கட்டட மேஸ்திரி. அத்தை அவருக்கு அக்கா. பயந்த குழந்தைகளுக்கு விபூதி மந்திரித்துப் போடுவதில் எங்கள் பக்கத்தில் அத்தைக்குப் பெரிய பேர்.) எனக்குத் தலைவலி என்று சொல்லி நின்றுகொண்டேன். சாயங்காலம்தான் வருவார்கள்.

பகல் ஒரு மணிக்கே மேகம் இறங்கி மலையைக் காணவில்லை. கரண்ட்டும் போனது. பட்டப்பகலில் கூடம் கருக்கலாகிவிட்டது. கதவிடுக்கில் காற்று புகுந்து ஊளையிட்டது. நான் பீரோ கண்ணாடிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு, வயிறு வலிக்காமலிருக்க அம்மாவின் கறுப்புப் போர்வையை அதன்மேல் விரித்தேன். குதிக்கும்போது போடும் வெள்ளை உடை, ஹெல்மெட், காற்றுத் தடுப்புக் கண்ணாடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன். காதில் இயர்போன், அதில் சுரங்கத்தில் என்னை எடுத்த வீடியோவின் காற்று இரைச்சல். (எதைச் செய்தாலும் முழுசாகச் செய்ய வேண்டும் என்ற வியாதி எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.) குப்புறப் படுத்து, கையையும் காலையும் தூக்கி, சிரித்தேன்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. கை மரத்துப் போனது. காதில் ஒரே இரைச்சல். கொஞ்ச நேரத்தில் ஸ்டூல் இருப்பதே மறந்துவிட்டது. அப்போதுதான் கண்ணாடிக்குள் அவர்களைப் பார்த்தேன்.

எனக்குப் பின்னால், இருட்டில், நான்கு முகங்கள். அசையாமல் நின்றன. எல்லா வாயும் திறந்து திறந்து மூடின. ஒரு சத்தமும் இல்லை.

வீடா சுரங்கமா என்று புரியவில்லை. அலறலாம் என்றால் சிரித்த வாய் சிரித்தபடியே இறுகிவிட்டது. எழலாம் என்றால் கை கால் என்னுடையதாக இல்லை.

(மழை வருகிறது, மாடியில் மிளகாய் காய்கிறது என்று அம்மா எல்லாரையும் பாதியில் இழுத்து வந்திருந்தாள். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு நைனா தன் சாவியைப் போட்டுத் திறந்திருக்கிறார். கருக்கலில் ஸ்டூலும் கறுப்புப் போர்வையும் தெரியவில்லை. வெள்ளையாக ஒன்று தரைக்கு மேலே மிதந்துகொண்டு கண்ணாடிக்குள் பல்லைக் காட்டியதுதான் தெரிந்திருக்கிறது.)

ஒரு முகம் மட்டும் முன்னால் வந்தது. அத்தை. இடுப்பிலிருந்து விபூதிப் பையை எடுத்துவிட்டு, அம்மாவையும் பாவாவையும் பார்த்து, நீங்க ரெண்டு பேரும் பின்னால போங்க என்று இரண்டு விரலை நீட்டினாள்.

என் கால் இரண்டும் தானாக நீண்டன.

கண்ணாடிக்குள் பாவாவின் வாய் இதுவரை யாரும் திறக்காத அளவுக்குத் திறந்தது. அத்தை விபூதியை அள்ள விரல்களை மடக்கினாள். கால் மடங்கியது. பாவாவைக் காணவில்லை. அத்தை மட்டும் அசரவில்லை. விபூதி தோய்ந்த கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு என்னைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். நான் பணிவாக முகவாயைத் தூக்கிக் கொடுத்தேன். ஹெல்மெட்டில் நெற்றி அகப்படாமல் மொத்த விபூதியையும் மூக்கிலேயே அப்பிவிட்டாள்.

ஒரு தும்மல். ஸ்டூல் சாய்ந்து, போர்வையோடு தரையில் விழுந்தேன். இயர்போன் தெறித்தது. உலகத்தின் சத்தமெல்லாம் ஒரேயடியாகத் திரும்பி வந்தது.

"யாரும்மா நீ?" என்று அத்தை என் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "எங்கிருந்து வந்துகினு கீறே? சொல்லு!"

பிடிபட்டுவிட்டோம் என்று நினைத்தேன். எல்லாம் தெரிந்துதான் கேட்கிறார்கள். இனி மறைத்துப் பயனில்லை.

"ஐதராபாத்" என்றேன்.

"அங்க இன்னா பண்ணே?"

"குதிக்கறதுக்குக் கத்துகினேன்."

அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அத்தையின் குரல் இளகியது. "எங்கிருந்தும்மா குதிச்சே?"

"ரொம்ப மேலருந்து."

"எத்தினி வாட்டி?"

"ஆறு."

"ஆறு வாட்டியா!" அத்தை நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். "கேட்டுகினியாடா? ஆறு ஜென்மமா குதிச்சே செத்துகினு கீறா, பாவம்."

நைனா மெதுவாக வந்து, என் காலடியில் கிடந்த போர்வையைத் தூக்கினார். அடியில் ஸ்டூல்.

"அக்கா, நிறுத்து" என்றார். "நம்ம பொண்ணுதான்." பிறகு என்னைப் பார்த்து, "எதுலருந்து குதிக்கிறே?"

"ஏரோப்ளேன்லருந்து, நைனா."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அம்மா தரையில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தாள். "பேயின்னாகூட தேவலாமே" என்றாள். "விபூதி போட்டா போயிருக்குமே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோதுதான், ஆறு முறையும் நான் கீழே வந்துகொண்டிருந்த நேரத்தில் இவள் இதே வீட்டில் எதுவும் தெரியாமல் சோறு வடித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது உறைத்தது. அழுதுவிட்டேன். (ஹெல்மெட்டோடு அழுதால் கண்ணைத் துடைக்க முடியாது என்பது அன்றைக்குத் தெரிந்தது.)

நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து, "அந்த வீடியோவக் காட்டு" என்றார். சுரங்கத்தில் நான் சுற்றுவதை நாலு முறை பார்த்தார். "எடது காலு ஏறிகினு கீது. இப்படியேவா போயி குதிச்சே?" உள்ளே போய்த் தன் ரசமட்டத்தை எடுத்து வந்தார். அன்றிலிருந்து ஒரு மாதம், நான் ஸ்டூலில் படுக்க, அவர் என் இரண்டு குதிகால் மேலும் ரசமட்டத்தை வைத்து, நீர்க்குமிழி நடுவில் நிற்கும்வரை விடவில்லை. அம்மா அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆனால் மூன்றாவது வாரம் அந்தக் கறுப்புப் போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மஞ்சள் போர்வையைக் கொண்டுவந்து விரித்துவிட்டுப் போனாள்.

அடுத்த முறை சுரங்கத்தில் நான் சுற்றவில்லை. அதற்கடுத்து விமானத்திலிருந்து குதித்தபோதும் சுற்றவில்லை. பயிற்சியாளர் தள்ளியே பறந்தார். காற்று என்னைப் பலகை மாதிரி தாங்கி நிறுத்தியது. இறங்கியதும் முதலில் நைனாவைக் கூப்பிட்டேன். "குமிழி நடுவுல நின்னுதா?" என்று மட்டும் கேட்டார்.

பாவாவுக்குக் கணுக்கால் பிசகியதில் ஆறு வாரம் கட்டு. ஓடும்போது தாழ்வாரத்தில் கிடந்த ஸ்டூல் தடுக்கி விழுந்தேன் என்று இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்டூல். அது அப்போது என் வயிற்றுக்குக் கீழே இருந்தது. வேட்டி தடுக்கியிருக்கும் என்கிறார் நைனா. பாவா அத்தையைப் பார்க்கிறார். அத்தை இடுப்பில் விபூதிப் பையைத் தொட்டுக்கொள்கிறாள்.

இப்போது எனக்குக் கல்யாணமாகிவிட்டது. கணவர் வீட்டுக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. பண்டிகைக்கு எல்லாரும் கூடும்போது மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் குப்புறப் படுத்தால் போதும். யாராவது ஒருவர் ஓசைப்படாமல் வந்து குனிந்து, எனக்கும் பாய்க்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இல்ல, தரையிலதான் கீறா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.