மூச்சு ஐயாவின் கட்டைவிரல்

செத்துப்போன செல்போனுக்கு மூச்சு ஊதி உயிர் கொடுக்கிறாராம் ஒருவர். கேள்விப்பட்ட அன்றே பாதி ஊர் நம்பிவிட்டது. மீதிப் பாதி, தன் வீட்டில் செத்த கருவி எதுவும் இல்லையே என்று வருத்தப்பட்டது.

ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அவருடைய கூடம். படிக்கட்டில் காலையிலேயே வரிசை நின்றுவிடும். போன், லேப்டாப், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி என்று ஆளுக்கொரு பிணம் கையில். ஒரு பெரியவர் சுவர்க் கடிகாரத்தைக் கைக்குழந்தைபோல மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புக் கிடைக்காத ஆபீஸ்காரர்கள் இதற்கு விடுப்பு வாங்கியிருந்தார்கள்.

அவரை மூச்சு ஐயா என்றார்கள். சொந்தப் பெயர் ஒன்று மின்சார பில்லில் வந்துகொண்டிருந்தது. பில்லும் கொஞ்சம் அதிகமாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்காகவா அங்கே வருகிறார்கள்?

முறை எளிது. வாசலில் ஐயாவின் மச்சான் கருவியை வாங்கிக்கொள்வான். வாங்கும்போதே அன்பாக விசாரிப்பான்: வீட்டில் யார் யார், சமீபத்தில் நல்லது கெட்டது ஏதாவது? கருவி அன்றிரவு உள்ளறையில் ‘மௌன விரதம்’ இருக்கும். மறுநாள் ஐயா அதைப் பட்டுத்துணியில் பொதிந்து, இரண்டு கைக்குள் ஏந்தி, கண்ணை மூடி, நீளமாக ஊதுவார். துணியை விலக்கினால் வெளிச்சம்! கூடமே மூச்சடைத்துப் போகும்.

வெளிச்சம் வராவிட்டால்? ஐயா சோகமாகப் புன்னகைப்பார். “உங்க வீட்ல பொய் நடமாடுது.” பொய் நடமாடாத வீடு எது? வந்தவர் தலையைக் குனிந்துகொண்டு, மச்சானிடம் ஒரு செப்புத் தகடு வாங்கிக் கருவியின் முதுகில் ஒட்டிக்கொண்டு போவார். கருவி எரிந்தால் ஐயாவின் பெருமை, எரியாவிட்டால் நம்முடைய பாவம். இவ்வளவு பாதுகாப்பான தொழில் உலகத்தில் வேறு இல்லை.

இந்தக் கூடத்துக்குத்தான் அத்தை அந்த வீடியோ கேமை எடுத்துக்கொண்டு போனாள்.

கையில் பிடித்து விளையாடும் சின்னக் கருவி அது. அத்தையின் தம்பி மகளுடையது. பாப்பாவுக்குப் பதினோரு வயது. அம்மா நோயோடு படுத்திருந்த மாதங்களில் அம்மாவும் மகளும் ஒரே தலையணையில் சாய்ந்து அதில் பண்ணை வளர்த்தார்கள். அம்மா போன பிறகு பாப்பா அதை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். ஓராண்டுக்குமேல் தொடவில்லை. அப்பா மறுமணம் செய்துகொண்டு புது மனைவியைக் கூட்டிவந்த வாரம்தான் வெளியே எடுத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. அப்பா தன் போன் சார்ஜரைச் சொருகினார். கதவு மணி அடிப்பதுபோல் பொத்தானை நாலு தட்டு தட்டினார். “போச்சும்மா” என்றார்.

கேம் நின்றது எப்போது என்று யாருக்கும் தெரியாது. எடுத்துப் பார்த்தது மட்டும் சித்தி வந்த வாரத்தில். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் அத்தைக்குத் தேவைப்படவில்லை.

கூடத்திலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம், சாப்பாட்டு மேசையில் எல்லாரும் இருக்கும்போதே அத்தை ஐயாவின் தீர்ப்பைப் படித்தாள்.

“இது சாதாரண சாவு இல்லைன்னாரு, தம்பி. புதுசா ஒரு நிழல் வீட்டுக்குள்ள வந்திருக்காம். பழைய ஆத்மா மனசு ஒடிஞ்சு வாயை மூடிக்கிச்சாம். நான் ஒரு வார்த்தை சொல்லலை. அவரே கண்டுபிடிச்சாரு!”

சித்தி தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளர் நிறைந்து மேசைமேல் வழிந்தது.

“மச்சான்காரர்கிட்ட ஏதாவது சொன்னீங்களா, அண்ணி?”

“அவரு நல்லா விசாரிச்சாரு. வீட்டு விஷயம் எல்லாம் சொன்னேன். ஐயாகிட்ட ஒண்ணுமே சொல்லலை.”

சித்திக்கு வேலை, வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில். காதில் கருவியை மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரே கேள்வி கேட்பாள்: “சார், பிளக் சொருகியிருக்கீங்களா?” கேட்டதும் மறுமுனையில் கோபம் வரும். “என்னை என்ன முட்டாள்னு நினைச்சியா?” பிறகு ஒரு சின்ன அமைதி. பிறகு, எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிடுவார்கள். அந்த அமைதியில்தான் அவள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாள்.

அதே குரலில் இப்போது கேட்டாள். “ஐயா ஊதும்போது கை எப்படி வச்சிருந்தார், அண்ணி?”

“எப்படின்னா? துணிக்குள்ள. பக்தியா.”

“கட்டைவிரல் எங்க இருந்துச்சு?”

“மேல் ஓரத்துல அழுத்தமா வச்சிருந்தாரு. அதுவழியாத்தான் உசுரு இறங்குதாம்.”

“ரொம்ப நேரமா?”

“அவரு என்ன உன்னை மாதிரி அவசரக்காரரா? நிதானமா, கண்ணை மூடிக்கிட்டு. முன்னாடி இருந்தவளோட போன் எரிஞ்சதும் நான் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுன்னு இருந்துச்சு. மூச்சுச் சூடு!”

ராத்திரி முழுக்க சார்ஜில் கிடந்த போன் வேறு எப்படி இருக்கும் என்று சித்தி கேட்கவில்லை. “நம்ம கேமுக்கு மட்டும் ஏன் எரியலை?” என்றாள்.

“அதான் சொல்றேனே. ஐயா அதுல விரலையே வைக்கலை. நீ இங்க இருக்கிற வரைக்கும் வச்சுப் பிரயோஜனம் இல்லையாம். கேம் அங்கயே விரதத்துல இருக்கட்டும்னு வாங்கி வச்சுக்கிட்டாரு. நீ கொஞ்ச நாள் உங்க அம்மா வீட்டுக்குப் போ. போனதும் அவரு ஊதுவாரு, எரியும். அப்புறம் பரிகாரம் முடிஞ்சு நீ வரலாம்.”

சித்தியின் கணவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல மனிதன்தான். யாரையும் எதிர்த்துப் பேசாத நல்லவன், அதனால் யாருக்கும் உதவாதவன்.

“கொஞ்ச நாள்தானே,” என்றான் மெல்ல. “பாப்பாவுக்காக.”

“நான் போவேன். கேம் எரியும்,” என்றாள் சித்தி. “எரிஞ்ச பிறகு என்னை எந்த முகத்தோட திரும்பக் கூப்பிடுவீங்க?”

அவன் பிசைந்த சோற்றையே திரும்பப் பிசைந்தான். அத்தை மட்டும் வேகமாகச் சாப்பிட்டாள்.

சித்தி அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். பெட்டியை எடுக்கவில்லை, ஆனால் பெட்டி எங்கே இருக்கிறது என்று கண் ஒருமுறை தேடியது. அப்போது பாப்பா கதவோரம் வந்து நின்றாள்.

“சித்தி, நீங்க போனா நிஜமா எரியுமா?”

பொய் சொல்லலாம். சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

“எரியும்னுதான் நினைக்கிறேன்.”

பாப்பாவின் கண் நிறைந்தது. எதற்காக என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“ஆனா நான் இருந்தாலும் எரியும்னு நினைக்கிறேன்,” என்றாள் சித்தி. “யார் சொல்றது சரின்னு சும்மா உட்கார்ந்து நம்ப வேண்டாம். ரெண்டையும் செஞ்சு பார்த்துடலாம். வர்றியா?”

அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அவளைப் பார்த்துத் தலையாட்டியது அதுதான் முதல் தடவை.

விடுமுறை நாளன்று நாலு பேருமாகப் போனார்கள். சித்தியும் வருகிறாள் என்றதும், மன்னிப்புக் கேட்கத்தான் என்று அத்தை எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். கூடத்தில் உட்கார இடமில்லை. மூச்சு ஐயா தேய்த்த வெள்ளைச் சட்டையில் மேடைமேல் இருந்தார். மச்சான் ஒவ்வொரு பொட்டலமாக உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்து வந்தான். கடிகாரப் பெரியவருக்குக் கடிகாரம் ஓடியது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு அழுதார்.

“என் மூச்சுக்கு மலை தடையில்லை, மதில் தடையில்லை,” என்றார் ஐயா. “கடல் தாண்டி இருக்கிறவங்களுக்கும் இங்கிருந்தே ஊதுறேன்.”

அடுத்து கேம் வந்தது. ஐயா சித்தியைப் பார்த்தார். முகத்தில் கருணை சொட்டியது.

“அந்த அம்மா இருக்கிற இடத்துல இது எரியாது.”

சித்தி எழுந்தாள். “சரிங்க ஐயா. நான் கீழே தெருவுக்குப் போயிடறேன். நீங்க ஊதுங்க. ஒரே ஒரு விண்ணப்பம். உங்க மூச்சுக்கு மதிலே தடையில்லைன்னீங்க. இந்த டப்பா மூடி தடையா இருக்காது, இல்லையா?”

கைப்பையிலிருந்து தன் சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். கண்ணாடிபோல உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டப்பா. கழுவித் துடைத்திருந்தது.

ஐயாவின் கருணை கொஞ்சம் வற்றியது. “விளையாட்டு வேண்டாம்மா. கை படணும்.”

“கடல் தாண்டி இருக்கிறவங்களுக்குக் கை நீளுமா, ஐயா?”

சிரிப்பு எழவில்லை. கூட்டத்துக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் சித்திமேல். முன்வரிசைப் பெண் ஒருத்தி கத்தினாள்: “ஐயா, ஊதிக் காட்டுங்க! இவ மூஞ்சியில கரியைப் பூசுங்க!” “ஊதுங்க ஐயா!” என்றது கூடம் முழுவதும். பக்தர்களின் நம்பிக்கையே ஐயாவின் கழுத்தைப் பிடித்தது. சந்தேகப்படுகிறவனை விரட்டிவிடலாம், நம்புகிறவனை என்ன செய்வது?

பாப்பா மேடையேறினாள். “அது என்னோடது. நானே பிடிச்சுக்கிறேன்.” பட்டுத்துணியிலிருந்து கேமை எடுத்து, டப்பாவுக்குள் வைத்து, மூடியை அழுத்தினாள். மச்சான் கை நீட்டினான். இத்தனை பேர் பார்க்க ஒரு குழந்தையிடமிருந்து பிடுங்க முடியவில்லை.

சித்தி படியிறங்கித் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றாள். ஜன்னல் வழியாக எல்லாரும் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள்.

ஐயா ஊதினார். நிதானமாக ஊதினார். பிறகு நிதானமில்லாமல் ஊதினார். டப்பா மூடியில் ஆவி படிந்ததைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை. முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. ஒரு கட்டத்தில் கேமுக்கு உயிர் வருவதைவிட ஐயாவுக்கு உயிர் இருப்பதே பெரிதாகத் தோன்றியது. அத்தையே பயந்துபோய், “தண்ணி குடுங்க” என்றாள்.

“அவ நிழல் இன்னும் படிக்கட்டுல இருக்கு,” என்றார் ஐயா மூச்சு வாங்கியபடி.

“அப்ப அவளையே மேல கூப்பிடுங்க, கேட்போம்,” என்றான் கணவன். பேசியது தானா என்று அவனே திரும்பிப் பார்த்தான்.

சித்தி மேலே வந்து பாப்பாவின் அருகில் நின்றாள். தோளில் கை வைத்தாள். நிழல் முழுதாகப் படட்டும் என்று நன்றாகவே நின்றாள்.

“மூடியைத் திற. மேல் ஓரத்துல பட்டன் இருக்கா? தட்டாதே. அழுத்திப் பிடி. விடாதே. இன்னும். இப்ப விட்டுட்டு, திரும்ப ஒரு தடவை அழுத்து.”

சித்திக்கும் உள்ளூரச் சந்தேகம்தான். எரியாமல் போனால்? உண்மையிலேயே உள்ளே ஏதாவது கெட்டிருந்தால்? நியாயம் இவள் பக்கம் என்பதற்காகக் கருவி தயவு காட்டாது.

திரை மினுக்கியது. இசை கேட்டது. பண்ணை வந்தது.

பாப்பா கூட்டத்தை மறந்துபோனாள். தரையிலேயே உட்கார்ந்து குளத்தங்கரைக்கு நடந்தாள். அங்கே ஒரு கொழுத்த வாத்து யாரையும் தண்ணீருக்குள் விடாமல் கொத்திக்கொண்டிருந்தது. தலைக்குமேல் அம்மா வைத்த பெயர் எழுதியிருந்தது: ‘அண்ணி’.

கணவன் முதலில் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். பாப்பா சிரித்தாள். அத்தை குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள். “பழைய ஆத்மாவுக்கு யார்மேல கோபம்னு இப்பத்தான் தெரியுது,” என்றான் கணவன் அக்காவிடம்.

“என் மூச்சுதான் தாமதமா வேலை செஞ்சிருக்கு,” என்றார் ஐயா.

அதற்குள் கடிகாரப் பெரியவர் தன் கடிகாரத்தைத் திருப்பி, பின்மூடியைக் கழற்றியிருந்தார். உள்ளே பளபளவென்று புது பேட்டரி. “இதை நான் போடலையே,” என்றார். யாரோ உள்ளறைத் திரையை இழுத்தார்கள். நீள மேசை, மேசை நிறைய சார்ஜர்கள், ஒவ்வொன்றின் முனையிலும் மௌன விரதம் இருக்கும் ஒரு கருவி.

“அதெல்லாம் பிராணன் ஓடுற நரம்பு,” என்றான் மச்சான். சொல்லிவிட்டுப் படிக்கட்டை நோக்கி நடந்தான். ஐயாவும் நடந்தார். நடை ஓட்டமாக மாறியது. மூச்சுப் பிடிக்கத் தெரிந்தவர், நன்றாகவே ஓடினார்.

கூட்டம் ஜன்னலில் குவிந்து, இருவரும் தெருமுனை திரும்பும்வரை பார்த்தது. பிறகு, அறிவு வந்துவிட்டது என்று நாம் நினைக்கும் அந்த நேரத்தில், முன்வரிசைப் பெண் எழுந்து சித்தியிடம் வந்தாள். கரியைப் பூசச் சொன்னவளேதான். குரலில் அதே பக்தி, ஆள் மட்டும் வேறு.

“அம்மா, என் போனையும் உங்க கையால ஒரு தடவை தொட்டுக் கொடுங்கம்மா. நீங்க எந்தெந்த நாள்ல பார்ப்பீங்க?”

அவளுக்குப் பின்னால் அதற்குள் ஒரு வரிசை நின்றுவிட்டது.

சித்தி வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். புகார்ப் பிரிவில் பேசும் அதே குரலில், கோபமில்லாமல் சொன்னாள்:

“என் கையில எந்தப் பட்டனும் இல்லங்க. உங்க போன்ல ஒண்ணு இருக்கு. கழுத்துக்கு மேலயும் கம்பெனியே மாட்டி அனுப்பின கருவி ஒண்ணு இருக்கு. போனை அப்புறம் பார்ப்போம். முதல்ல அதை ஆன் பண்ணுங்க.”